கதை பிறந்த மண்ணைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: நெல்லை, குமரி வட்டாரத்துக்கு ஒரு வழிகாட்டி

புதுமைப்பித்தனையோ கி. ராஜநாராயணனையோ வண்ணதாசனையோ படித்துவிட்டு, இவர்கள் எழுதிய ஊரை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் எழுத்தாளர் பிறந்த வீடு எங்கே என்று தேடிப்போய், வாசலில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, அல்வா வாங்கிக்கொண்டு ராத்திரி ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். வீட்டைப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் எழுத்தாளருக்குக் கதை கொடுத்தது வீட்டுச் சுவர் அல்ல, அந்த வீட்டுக்கு வெளியே இருந்த மண்ணும் தெருவும் மழையும்தான். அவற்றை எப்படிப் பார்ப்பது, எங்கே தொடங்குவது, எந்த மாதம் போவது, முன்கூட்டி எதைப் படிப்பது என்று புதிதாகப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

கோவில்பட்டியிலிருந்து தேங்காப்பட்டணம் வரை சாலை வழியாகப் போனால் இருநூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். அந்தத் தூரத்துக்குள் கரிசல் காடு, ஆற்றுப் பாசன வயல், மேற்குமலை, செம்மணல் தேரி, கடல் எல்லாமே வந்துவிடுகின்றன, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுத்தாளர்களும் இருக்கிறார்கள். இந்த வட்டாரத்தை விளங்கிக்கொள்ள எனக்குத் தெரிந்த நல்ல வழி தண்ணீரைக் கவனிப்பது. ஒரு ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த மாதம் வருகிறது, யார் வயலுக்கு முதலில் போகிறது, யாருக்குப் போகாமலே நின்றுவிடுகிறது என்று தெரிந்துகொண்டால் அங்கே எழுதப்பட்ட கதைகளில் பாதி தானாகவே பிடிபட்டுவிடும்.

முதலில்: ஒரே ஒரு மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்

நாலு நாள் விடுமுறையில் பத்து எழுத்தாளர்களின் ஊரைச் சுற்றிவிடலாம் என்று பட்டியல் போடாதீர்கள். வண்டியில் உட்கார்ந்த நேரம்தான் மிஞ்சும். வட்டாரத்தை நாலாகப் பிரித்துக்கொள்ளலாம்: கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல், பாபநாசம் தொடங்கித் திருநெல்வேலி வழியாகப் போகும் தாமிரபரணிக் கரை, திருச்செந்தூருக்குத் தெற்கே போகும் கடற்கரையும் தேரியும், ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிய நாஞ்சில் நாடும் அதற்கு மேற்கே உள்ள குமரி மாவட்டப் பகுதிகளும். முதல் பயணத்துக்கு இதில் ஒன்று போதும், நேரம் இருந்தால் இரண்டு.

எதை எடுப்பது என்றால், அழகான இடத்தை எடுக்க வேண்டும் என்றுதான் மனசு சொல்லும். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். குற்றாலம் இந்தப் பக்கத்தின் மிக அழகான ஊர், அதில் சந்தேகமே இல்லை. மேலகரம் திரிகூட ராசப்பக் கவிராயர் ‘வானரங்கள் கனிகொடுத்து மந்தியொடு கொஞ்சும்’ என்று பாடியதும் அந்த மலையைத்தான். ரசிகமணி டி.கே.சி. கடைசிக் காலத்தில் அங்கேயே தங்கி, கம்பன் பாட்டைச் சொல்லிச் சொல்லி வருகிறவர்களையெல்லாம் ரசிகர்களாக்கினார். ஆனால் நவீனச் சிறுகதையும் நாவலும் என்று வந்தால், குற்றாலத்தைவிடப் பல மடங்கு எழுத்தாளர்களைக் கொடுத்தது மழைக்கு ஏங்கிக் கிடக்கும் கோவில்பட்டிதான். கி.ரா., கு. அழகிரிசாமி, பூமணி, சோ. தர்மன், தேவதச்சன், கோணங்கி, ச. தமிழ்ச்செல்வன் என்று வரிசை நீள்கிறது. அருவிக்கரையில் நின்றால் மனசு நிறைந்துவிடுகிறது, பாட்டு வருகிறது. வானம் பார்த்த பூமியில் ஒவ்வொரு வருஷமும் அடுத்த வேளை சாப்பாடே கேள்வியாக நிற்கிறது, கதை அங்கேதான் முளைக்கிறது என்பது என் எண்ணம். அதனால் முதல் பயணத்துக்குக் கரிசலையே சிபாரிசு செய்வேன்.

அடுத்து: நாவலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், ஒரு சிறுகதையைக் கையில் எடுங்கள்

போகிற இடத்துக்கு ஒரு கதை, அவ்வளவுதான். கிளம்புவதற்கு முன்பு ஒருமுறை படியுங்கள், அந்த இடத்தில் உட்கார்ந்து இன்னொருமுறை படியுங்கள். இரண்டாவது முறை வாய்விட்டுப் படித்தால் இன்னும் நல்லது, வட்டார வழக்கில் எழுதிய உரையாடல் கண்ணுக்குத் தடங்கலாக இருந்தாலும் காதுக்கு எளிதாக ஏறிவிடும். டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர் பேசுகிற பேச்சும் புத்தகத்தில் இருக்கும் பேச்சும் ஒரே ஏற்ற இறக்கத்தில் போவது அப்போதுதான் தெரியும். சொல் புரியவில்லை என்றால் கி.ரா. தொகுத்த கரிசல் வட்டார அகராதி இருக்கிறது. எழுத்தாளர் ஒருவர் தன் சம்சாரி (அந்தப் பக்கத்தில் விவசாயி என்று பொருள்) மக்களின் பேச்சுக்கென்றே அகராதி போட்டது தமிழில் பெரிய காரியம்.

மாதம் பார்த்துக் கிளம்புங்கள்

முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் சேர்ந்தது என்று தொல்காப்பியம் சொல்கிறது. நிலத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பொழுதை விட்டுவிட்டால் பாதிதான் பார்த்திருக்கிறோம். கரிசலைப் பார்க்க இரண்டு காலம் உண்டு. சித்திரை, வைகாசியில் போனால் கறுப்பு மண் பாளம் பாளமாக வெடித்து, சில இடங்களில் வெடிப்புக்குள் கால் இறங்கும் அளவுக்குக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை விழுந்த பிறகு போனால் அதே மண் களியாகிச் செருப்பில் அப்பிக்கொண்டு நடக்க விடாது. இரண்டையும் பார்க்காமல் ‘கரிசல் இலக்கியம்’ என்று பேசுவது சரியாக வராது. வெயில் தாங்காதவர்கள் தை மாதம் போகலாம், கதிர் முற்றி அறுவடை நடக்கும், வெயிலும் மிதமாக இருக்கும்.

திருநெல்வேலிக்கு ஆனி மாதம். நெல்லையப்பர் கோவில் தேரோட்டம் அப்போதுதான். குற்றாலத்துக்கு ஆனியும் ஆடியும், சாரல் காலம். தென்மேற்கிலும் வடகிழக்கிலும் இரண்டு பருவத்திலும் மழை பெறுவதால் குமரி மாவட்டம் ஏறக்குறைய எப்போதும் பச்சையாகத்தான் இருக்கும், எந்த மாதமும் போகலாம். கடற்கரைக்குப் போகிறவர்கள் மீன்பிடித் தடைக்காலத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குள் போகாது, மேற்குக் கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அதேபோல்.

கரிசல்: கோவில்பட்டியில் இறங்குங்கள்

சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் வந்தால் கோவில்பட்டியில் காலையிலேயே இறங்கிவிடலாம். தங்குவதற்கு லாட்ஜ்கள் உண்டு. ஊருக்குள் தீப்பெட்டி ஆபீஸ்களையும் கடலைமிட்டாய்க் கடைகளையும் பார்ப்பீர்கள், இரண்டுமே மழை இல்லாத ஊர் கண்டுபிடித்துக்கொண்ட பிழைப்பு. கி.ரா.வுக்கு இங்கே அரசு நினைவரங்கம் இருக்கிறது, ஒரு எட்டுப் பார்த்துவிட்டு இடைசெவலுக்குக் கிளம்புங்கள். திருநெல்வேலி போகும் நெடுஞ்சாலையில் சுமார் பத்துக் கிலோமீட்டர்.

இடைசெவல் சின்ன ஊர். 1923ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஒரே வார இடைவெளியில் கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் இந்த ஊரில் பிறந்தார்கள். சேர்ந்து வளர்ந்தார்கள், சேர்ந்து படித்தார்கள், இசையிலும் இருவருக்கும் தீராத பைத்தியம். ஒரே மண், ஒரே வயசு, ஆனால் எழுத்து இரண்டு விதம். அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையையும் கி.ரா.வின் ‘கதவு’ கதையையும் கையில் வைத்துக்கொண்டு இந்த ஊரில் ஒரு பகல் இருந்து பாருங்கள்.

‘கதவு’ கதையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஒரு பழைய கதவில் ஏறிக்கொண்டு, தள்ளிவிட்டு, பஸ் விளையாட்டு விளையாடுகிறார்கள். அப்பா கூலி வேலைக்கு வெளியூர் போயிருக்கிறார். தீர்வை (நிலவரி) பாக்கி என்று சொல்லித் தலையாரி வந்து அந்தக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார். அதற்கப்புறம் வாடைக் காற்று நேராக வீட்டுக்குள் வருகிறது. இந்தக் கதையில் நிலத்தைப் பற்றிய வர்ணனை என்று தனியாக எதுவும் கிடையாது, ஆனால் மழை பெய்யவில்லை, விளையவில்லை, அதனால் தீர்வை கட்ட முடியவில்லை, அதனால் கதவு போனது, அதனால் குளிர் வந்தது என்று ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டு போனால் கடைசியில் கரிசல் வானத்தில் போய் நிற்கிறது. கார்த்திகை, மார்கழி இருட்டில் அந்தப் பக்கம் ஒரு வெட்டவெளியில் நின்று பாருங்கள். மறைக்க மரமோ மலையோ இல்லாத நிலத்தில் காற்று எப்படி வருகிறது என்று உடம்புக்குத் தெரிந்த பிறகு அந்தக் கதவின் கனம் வேறாக இருக்கும்.

கி.ரா.வோடு நிறுத்திவிடாதீர்கள், இதை நான் அழுத்திச் சொல்வேன். ‘கோபல்ல கிராமம்’ தெலுங்குச் சீமையிலிருந்து வந்து காடு திருத்தி நிலம் உண்டாக்கிய சம்சாரிகளின் கதை. அதே கரிசலில் நிலமில்லாதவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் பூமணியின் ‘பிறகு’ நாவலைப் படிக்க வேண்டும், அதில் நடுவே நிற்பவர் செருப்புத் தைக்கும் அழகிரி. பூமணியின் ‘வெக்கை’யில் பதினைந்து வயசுப் பையன் ஒரு கொலையைச் செய்துவிட்டு அப்பாவோடு காட்டுக்குள் ஒளிந்து அலைகிறான். ஓடை, புதர், பாறை, சுடுகாடு என்று ஒவ்வொரு இடமும் அங்கே ஒளிய முடியுமா, தண்ணீர் கிடைக்குமா, புகை தெரியாமல் சமைக்க முடியுமா என்ற கணக்கில்தான் வருகிறது. சோ. தர்மனின் ‘சூல்’ உருளைகுடிக் கண்மாயைச் சுற்றிச் சுழலும் நாவல், கண்மாயைப் பராமரிப்பது என்பது ஒரு ஊரின் அறம் முழுவதையும் எப்படிப் பிடித்து வைத்திருந்தது என்று அதைப் படித்தால் தெரியும். ஒரே மண்ணை மூன்று பேர் மூன்று உயரத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள். ஒருவரை மட்டும் படித்துவிட்டு ஊரைப் பார்த்தால் அந்த ஒருவரின் ஊர்தான் கண்ணில் படும்.

கோவில்பட்டிக்குக் கிழக்கே சுமார் பதினைந்து கிலோமீட்டரில் எட்டயபுரம். 1882இல் பாரதி பிறந்த வீடு அரசு நினைவில்லமாக இருக்கிறது. கல்கி முன்னின்று மக்களிடம் நிதி திரட்டிக் கட்டிய மணிமண்டபம் 1947இல் திறக்கப்பட்டது. அரை நாள் போதும்.

ஆற்றங்கரை: திருநெல்வேலியில் நடந்தே பாருங்கள்

கோவில்பட்டியிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் நிலம் அப்படியே மாறிவிடும். பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி இரண்டு பருவமழையிலும் தண்ணீர் பெறுவதால் வற்றாத ஆறு என்று பெயர் வாங்கியது. கால்வாய்கள் வழியாகக் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல். வயலும் கோவிலும் படித்துறையும் பள்ளிக்கூடமும் நெருக்கமாக அமைந்த வாழ்க்கை. அதனால்தான் இந்தப் பக்கத்துக் கதைகளில் பஞ்சத்தைவிட வீடும் தெருவும் உறவுகளும் மௌனங்களும் அதிகம் வருகின்றன. பெரிய சம்பவம் எதுவும் இல்லாமல் ஒரு தெருவை மட்டும் வைத்து எழுத முடிந்தவர்கள் இவர்கள்.

டவுனில் நெல்லையப்பர் கோவிலைச் சுற்றிய நாலு ரத வீதிகளில் தொடங்குங்கள். வண்ணதாசனின் ‘நிலை’ கதையை இங்கேதான் படிக்க வேண்டும். ஒரு வீட்டில் வேலை செய்யும் சின்னப் பெண் கோமுவுக்குத் தேர் பார்க்க ஆசை. ஊரே தேர் பார்க்கப் போயிருக்கிறது, அவளுக்கு மட்டும் வீட்டு வேலை முடியவில்லை. கடைசியில் அவள் பார்ப்பது ஓடி முடித்து நிலைக்கு வந்து நின்றுவிட்ட தேரை. தேரடியில் போய் நின்று அந்தத் தேரின் உயரத்தைப் பாருங்கள், வடத்தை ஆயிரக்கணக்கானவர்கள் கையால் இழுக்கும் தேர் அது. அப்புறம் ரத வீதியிலிருந்து பிரியும் ஒரு சின்னத் தெருவுக்குள் நூறடி நடந்து உள்ளே போங்கள். கொட்டுச் சத்தமும் ஜனங்களின் கூச்சலும் இவ்வளவு தூரத்துக்கு எவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்கும்! அத்தனை பெரிய தேர் அத்தனை பக்கத்தில் ஓட, ஒரு பிள்ளை அதைப் பார்க்க முடியாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தது என்பது அந்த நூறடியில் புரிந்துவிடும். ஒரு நகரத்தின் அமைப்பு எப்படிக் கதையாகிறது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

அங்கிருந்து குறுக்குத்துறைக்கு நடக்கலாம் அல்லது ஆட்டோ பிடிக்கலாம். ஆற்றுக்குள்ளேயே இருக்கும் முருகன் கோவில், வெள்ளம் வரும்போதெல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டுத் திரும்பி வெளியே வரும். சாயங்கால வேளையில் படித்துறையில் உட்கார்ந்தால் ஊரின் பேச்சு காதில் விழும். கலாப்ரியா, வண்ணநிலவன், வண்ணதாசன் மூவரின் எழுத்திலும் இந்த ஆறு திரும்பத் திரும்ப வருகிறது, வண்ணநிலவனின் ஒரு நாவலுக்குக் ‘கம்பா நதி’ என்று பெயர்.

அப்புறம் ஜங்ஷன் வழியாகச் சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து பாளையங்கோட்டை. 1843இல் திறந்த பாலம், இரண்டு ஊர்களையும் ஒட்டவைத்தது அதுதான். பாலத்தைக் கடந்தவுடன் ஊரின் முகம் மாறும்: பள்ளிகள், கல்லூரிகள், தேவாலயங்கள். 1820இல் இங்கே வந்த ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் பெயரில் அமைந்த தெருவை வைத்துத்தான் வண்ணநிலவன் ‘ரெயினீஸ் ஐயர் தெரு’ எழுதினார். கதை என்று சொல்ல அதில் பெரிதாக ஒன்றும் நடக்காது. சில வீடுகள், நோயும் தனிமையும் பிரியமும் கொண்ட மனிதர்கள், மழை. சின்ன நாவல், ஒரே மூச்சில் படித்துவிடலாம். 1826இல் கட்டிய ஊசிக் கோபுரத் தேவாலயமும் இதே பக்கத்தில்தான்.

புதுமைப்பித்தன் இளமையைக் கழித்ததும் பட்டப்படிப்பு படித்ததும் திருநெல்வேலியில். ஆற்றங்கரை வளமானதுதான், ஆனால் அந்த வளம் யாருக்கு என்று கேட்டவர் அவர். ‘துன்பக்கேணி’ இந்த ஜில்லாவின் வாசவன்பட்டியில் தொடங்கி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறது. நெல் விளையும் ஊரிலிருந்து பிழைப்புக்காகக் கடல் தாண்ட வேண்டியிருந்தவர்களின் கதை. வயல் வரப்பில் நின்று படம் எடுப்பதற்கு முன்பு அதைப் படித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை போகும் பாசஞ்சர் ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்காருங்கள். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று வயலும் தென்னையும் மலையும் கூடவே வரும். கீழக்கடையத்தில் இறங்கினால் கடையம், பாரதியின் மனைவி செல்லம்மாளின் ஊர். புதுச்சேரியை விட்டு வந்த பாரதி 1918 கடைசியிலிருந்து சுமார் இரண்டு வருஷம் இங்கே இருந்தார். அடுத்த ரயிலில் தென்காசி, அங்கிருந்து குற்றாலம் கூப்பிடு தூரம்.

கடற்கரையும் தேரியும்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு ரயிலும் பஸ்ஸும் உண்டு. திருச்செந்தூரிலிருந்து தெற்கே உடன்குடி வழியாகப் போனால் செம்மணல் தேரியும் பனையும், அதைத் தாண்டி மணப்பாடு. கடலை ஒட்டிய மணல்குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம், பக்கத்தில் 1542இல் புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ நடப்பது இந்த ஊரில். வல்லம் என்ற நாட்டுப் படகுக்கும் லாஞ்சு என்ற விசைப்படகுக்கும் நடுவே மூண்ட பகை, வல்லத்தையும் வீட்டையும் விற்க மனசு வராத குரூஸ் மிக்கேல், அவர் மகள் பிலோமி. ஆலயத்துப் படியில் நின்று வடக்கேயும் தெற்கேயும் பார்த்தால் ஊர் எவ்வளவு குறுகலாகக் கடலுக்கும் மணலுக்கும் இடையில் இருக்கிறது என்று தெரியும். அந்த நெருக்கத்தில் ஒரு வீட்டுச் சண்டை அடுத்த வீட்டுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை, நாவலின் பிரியமும் வன்மமும் அந்த நெருக்கத்திலிருந்துதான் வருகின்றன.

இன்னும் தெற்கே உவரி, ஜோ டி குரூஸின் ஊர். அவருடைய ‘ஆழி சூழ் உலகு’ கட்டுமரத்தில் கடலில் தத்தளிக்கும் மனிதர்களையும் கரையில் அரை நூற்றாண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லும் பெரிய நாவல். கடல் தெரியாத ஊரில் வளர்ந்தவர்களுக்கு நீவாடு (கடல் நீரோட்டம்), காற்று, மீன் பெயர்கள் எல்லாம் முதலில் மலைப்பாக இருக்கும், விடாமல் படியுங்கள்.

கடலோர ஊர்களுக்கு விடிகாலையில் போங்கள், படகு கரை சேரும் நேரம் அதுதான். ஏலம் நடக்கும்போது குறுக்கே நிற்காதீர்கள், அது அன்றைய வருமானம். கேட்காமல் யாரையும் படம் எடுக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இந்த ஊர்களில் பெரும்பாலும் கடலுக்குப் போக மாட்டார்கள்.

நாஞ்சில் நாடும் அதற்கு அப்பாலும்

ரயிலிலோ பஸ்ஸிலோ வள்ளியூரைத் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்கும்போது தூங்காதீர்கள். காற்றாலைகள் நிற்கும் காய்ந்த வெளி ஒரு சில கிலோமீட்டரில் முடிந்து, பச்சை தொடங்கும். தமிழ்நாட்டில் இவ்வளவு சட்டென்று நிலம் மாறும் இடத்தைப் பார்ப்பது அரிது. 1956 நவம்பர் 1 வரை கணவாய்க்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர்ச் சீமை, பேச்சிலும் சொத்து முறையிலும் சாப்பாட்டிலும் அது இன்றும் தெரியும். தேரூரில் பிறந்த கவிமணி எழுதிய ‘மருமக்கள்வழி மான்மியம்’, சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரி மகனுக்குப் போகும் அந்தப் பழைய சொத்து முறை வீடுகளை என்ன பாடு படுத்தியது என்று சொல்கிறது. தேரூர்க் குளக்கரையில் பறவைகள் வரும் காலத்தில் போனால் நல்லது.

நாகர்கோவிலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யைப் படித்துவிட்டு, வேப்பமூடு ஜங்ஷனிலிருந்து மணிமேடை வரை மெதுவாக நடங்கள். 1966இல் வந்த நாவல். குளம் தூர்க்கப்பட்டு, காற்றாடி மரத் தோப்பு வெட்டப்பட்டு, கடைகளும் தேர்தலும் பத்திரிகையும் வந்து ஒரு ஊர் நகரமாகும்போது ஒரு மரத்துக்கு என்ன நடக்கிறது என்பதுதான் கதை. இன்றைக்கு அந்தச் சாலையில் போகும் நெரிசலைப் பார்த்தால், சுந்தர ராமசாமி எழுத உட்கார்ந்தபோதே இது எங்கே போய் முடியும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது என்று தோன்றும்.

நெல்வயல்களையும் பந்திச் சாப்பாட்டையும் நாஞ்சில் நாடனில் படியுங்கள். மலையும் காடும் வேண்டுமென்றால் ஜெயமோகனின் ‘காடு’, பனையேறிகளின் வாழ்க்கைக்கு ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’, இரணியலுக்கு நீல பத்மநாபனின் ‘தலைமுறைகள்’. மேற்குக் கோடியில் தேங்காப்பட்டணம், தோப்பில் முஹம்மது மீரானின் ஊர். ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் வரும் தமிழும் மலையாளமும் கலந்த பேச்சை அந்த ஊர்க் கடைத்தெருவில் இன்றும் கேட்கலாம்.

ஊருக்குள் நடந்துகொள்வது

எழுத்தாளர்களின் வீடுகளில் பலவற்றில் குடும்பங்கள் வாழ்கின்றன, சொல்லாமல் கொள்ளாமல் கதவைத் தட்டாதீர்கள். டீக்கடையில் பேச்சுக் கொடுக்கும்போது இலக்கியத்தில் தொடங்க வேண்டாம். இந்த வருஷம் மழை எப்படி, கண்மாய் நிறைந்ததா, என்ன விதைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள், அண்ணாச்சி ஒருவர் கட்டாயம் அரை மணி நேரம் பேசுவார். நீங்கள் யார், எந்த ஊர் என்று உங்களையும் கேட்பார்கள், சில நேரம் அந்தக் கேள்வி சாதியைத் தேடி வரும். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை, ஆனால் அந்தக் கேள்வி இருக்கிறது என்பதை மறந்துவிட்டு இந்த வட்டாரத்துக் கதைகளைப் படிக்கவும் முடியாது.

குறிப்பு எடுப்பதும் எழுதுவதும்

நீங்களும் எழுதுகிறவராக இருந்தால், போன இடத்திலேயே உட்கார்ந்து வர்ணனை எழுதாதீர்கள். அங்கே இருக்கும்போது பெயர்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: மரம், பயிர், காற்று, பாத்திரம், தெரு, வண்டி. கூடவே, வாசலில் வெயில் எத்தனை மணிக்கு வருகிறது, பஸ் எத்தனை மணிக்குக் கடைசி, தண்ணீர்க் குழாயடியில் யார் முதலில் நிற்கிறார்கள் என்பதையும். புதுமைப்பித்தன் திருநெல்வேலிக் கதைகளில் பலவற்றை எழுதியது சென்னையில் இருந்துகொண்டு, நாஞ்சில் நாடன் ஊரை எழுதத் தொடங்கியது மும்பையில் வேலை பார்த்துக்கொண்டு, நீல பத்மநாபனுக்கு இரணியல் தெரு திருவனந்தபுரத்திலிருந்து தெரிந்தது. ஊரை விட்டு விலகி இருக்கும்போதுதான் எது மறக்கவில்லை என்று தெரிகிறது, மறக்காததை எழுதினால் போதும். குறிப்பை ஒரு மாதம் கழித்துத் திறந்து பாருங்கள்.

மூன்று நாள்தான் கிடைக்கும் என்கிறவர்களுக்கு: முதல் நாள் காலை கோவில்பட்டியில் இறங்கி இடைசெவல், எட்டயபுரம், ராத்திரி திருநெல்வேலியில் தங்கல். இரண்டாம் நாள் டவுன், குறுக்குத்துறை, பாளையங்கோட்டை, எல்லாம் நடையும் டவுன் பஸ்ஸும்தான். மூன்றாம் நாள் காலைப் பாசஞ்சரில் கடையமோ, அல்லது முதல் பஸ்ஸில் திருச்செந்தூர் போய் மணப்பாடோ, இரண்டில் ஒன்று. பையில் ‘கதவு’, ‘ராஜா வந்திருக்கிறார்’, ‘நிலை’ மூன்று கதைகளும் ‘ரெயினீஸ் ஐயர் தெரு’வும் இருக்கட்டும். நாகர்கோவிலை இந்த மூன்று நாளுக்குள் திணிக்காதீர்கள், அதற்குத் தனியாக ஒரு விடுமுறை எடுத்துக்கொள்ளுங்கள்.